பன்னிரண்டுக்கு ஒன்பது

தண்ணீரூற்று என்ற ஊரில் ஒருவர் கோழிக்கூடு கட்டுவதென்றாலும் மயில்வாகனத்தைக் கேட்காமல் கட்டமாட்டார். கேட்காமல் கட்டினால் மயில்வாகனமே தேடிப்போய் அளந்து பார்த்து, கட்டினவரின் நித்திரையைக் கெடுத்துவிட்டு வருவார். இடுப்பில் எப்போதும் அளவுநாடா. காதில் பென்சில். வாயில் மனையடி சாத்திரம். ஆறு கூடும், ஏழு கூடாது, எட்டு கூடும், ஒன்பது கூடாது, பத்தும் பதினொன்றும் கூடும், பன்னிரண்டிலிருந்து பதினைந்துவரை கிட்டவும் போகக்கூடாது. இந்த இலக்கங்களைத் தன் கையாலேயே ஒரு தாளில் எழுதி, அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டியிருந்தார். கனகலிங்கம் சமைக்கவென்று ஆசையாகக் கட்டின குசினி ஒன்பதடி என்று சொல்லி ஒரு சுவரை இடித்துத் திரும்பக் கட்டவைத்த புண்ணியவானும் இவர்தான். இப்போது கனகலிங்கத்தின் மனைவி அந்தக் குசினிக்குள் திரும்பினால் முழங்கை சுவரில் முட்டுகிறது. ஆனால் எட்டடி. ஐசுவரியம் வரும்வரை முழங்கைக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருக்கிறாள்.

இப்பேர்ப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்ட விமலேஸ்வரி கச்சான் என்கிற நிலக்கடலையை வறுத்து விற்பவள். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் கொடியேறினாலும் மூன்றாம் நாள் அங்கே அவளுடைய கச்சான் கடை நிற்கும். ஆவணியில் வாங்கிச் சேர்க்கிற கச்சானை அடுத்த திருவிழாக் காலம்வரை காப்பாற்றி வைத்திருப்பதில்தான் அவளுடைய சீவியம் இருந்தது. போன மாரியில் அது பிழைத்துப்போனது. கூரை ஒழுகி, சுவர் ஈரம் குடித்து, பதினொரு மூடைக்குப் பூஞ்சணம் பிடித்தது. நல்லதென்று பொறுக்கி வறுத்ததும் கசந்தது. கசந்த கச்சானைத் தின்ற சனம் அடுத்த திருவிழாவில் அவளைக் கண்டும் காணாததுபோலப் பக்கத்துக் கடைக்குப் போனது. இந்த வருடம் பதினான்கு மூடை வாங்கிக் கட்டிலில் அடுக்கிவிட்டு, அவளும் அவரும் கீழே பாய் போட்டுப் படுத்தார்கள். இன்னொரு மாரியும் அப்படிப் போனால் வறுக்கிற தாச்சியைக் கவிழ்த்துவிட்டு வீட்டில் இருக்கவேண்டியதுதான்.

இந்த நேரத்தில்தான் ஒரு திட்டத்தில் அவளுடைய பெயர் விழுந்தது. சிறுதொழில் செய்கிற பெண்களுக்குத் தகரக் கொட்டில் கொடுக்கிறார்களாம். கடிதத்தில் அதற்குத் 'தோட்டக் களஞ்சிய அலகு' என்று பெயர். வெளிநாட்டில் புல்லுவெட்டுகிற மெசினை வைக்கச் செய்ததை இங்கே கொண்டுவந்து இறக்குகிறார்கள் என்பது படத்தைப் பார்க்கவே தெரிந்தது. படத்தில் கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரி ரோசாப்பூவோடு நின்றாள். எவள் நின்றால் என்ன, மழை உள்ளே வராது, எலி உள்ளே வராது, அது போதும் என்று விமலேஸ்வரி நினைத்தாள்.

திட்டத்தில் வேலை செய்கிற நிசாந்தினி என்ற பிள்ளை நேரில் வந்து விளக்கம் சொன்னாள்.

"கொட்டில் பன்னிரண்டடி நீளம், ஒன்பதடி அகலம், அம்மா. அந்த அளவுக்குக் குறையாமல் கிறவல் மண் போட்டு, இறுக்கி, மேல சல்லிக்கல் பரவி மட்டமா வச்சிருக்க வேணும். தரையில இருந்து ஆறு இஞ்சி உயரம். வாற வியாழக்கிழமை காலமை லொறி வரும். அடித்தளம் சரியில்லையெண்டா நாங்கள் இறக்கமாட்டம். பட்டியலில அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"அடுத்த ஆள் ஆர் பிள்ளை?"

"கௌசலா எண்டு ஒரு அக்கா. பின் ஒழுங்கையில இருக்கிறா."

கௌசலா பின் ஒழுங்கையில் இருக்கிறாள் என்பது விமலேஸ்வரிக்குத் தெரியாததா? அப்பளம் போட்டு விற்கிறவள். இன்னும் தெரிந்தது என்னவென்றால், பட்டியலில் இரண்டாவதாக வந்த அன்றைக்கே கௌசலா பன்னிரண்டுக்கு ஒன்பது அளவில் சீமெந்துத் தரையே போட்டு முடித்துவிட்டாள். அவளுடைய நம்பிக்கை முழுவதும் விமலேஸ்வரியின் வீட்டுக்காரர் மீதுதான் இருந்தது.

சனிக்கிழமை மண் ஏற்றுகிற ஜவாஹிர் தன் உழவு மெசினில் ஒரு பெட்டி கிறவலும் அதற்கு மேலே போடச் சல்லியும் கொண்டுவந்து பறித்தான். அளவுக்குக் கணக்காகத்தான் கொண்டுவந்திருந்தான். கிணற்றுக்கும் வேலிக்கும் இடையில் மேடான துண்டு ஒன்று இருந்தது. மாரியில் வளவு முழுவதும் தண்ணீர் நின்றாலும் அந்த இடத்தில் மட்டும் நிற்காது. விமலேஸ்வரியும் அவனுமாகப் புல்லைச் செதுக்கி, நாலு மூலைக்கும் கட்டை அடித்து, நூல் கட்டினார்கள். நூலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் மயில்வாகனம் யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டிலை அளந்துவிட்டுச் சைக்கிளில் வந்து இறங்கினார்.

"உதென்ன?" என்று கேட்டார்.

"கொட்டிலுக்கு மூலை அடிச்சிருக்கு."

அவர் நாடாவை எடுத்தார். நீளத்தை அளந்தார். அகலத்தை அளந்தார். பிறகு யாரோ செத்த செய்தி கேட்டவரைப்போலக் கிணற்றுக்கட்டில் போய் இருந்தார்.

"ஒண்டு கூடாதெண்டாலும் ஏதும் பரிகாரம் செய்யலாம். ரெண்டும் கூடாது. உப்பிடி ஒரு அளவைத் தேடித்தான் செய்திருக்கிறாங்கள்."

"லொறியில வாறது அந்த அளவுதானப்பா. தகரத்தை வெட்டிக் குறைச்சோ தரச்சொல்லுறது?"

ஜவாஹிர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். அவனுக்கு இதெல்லாம் நல்ல விளையாட்டு. "அண்ணை, ஒண்டு கேக்கட்டே? நீங்கள் இருக்கிற வீடு என்ன அளவு?"

வீட்டை மயில்வாகனம் அளக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். மீள்குடியேற்றத்தில் கிடைத்த வீடு. வரிசையாக எல்லாருக்கும் ஒரே அளவில் கட்டிக் கொடுத்தது. அளந்து பார்த்து ஒன்பதோ பன்னிரண்டோ வந்தால் எங்கே போவது என்று தெரியாததால், உலகத்தை எல்லாம் அளக்கிற மனிதர் தன் வீட்டுக்குள் மட்டும் நாடாவை இழுக்கவே இல்லை.

"அது திட்டம் தந்த வீடு. அதின்ர பலன் திட்டத்துக்குத்தான்."

"இதுவும் திட்டம் தாற கொட்டில்தானே?"

மயில்வாகனம் விரலை உயர்த்தினார். "கொட்டில் அவையின்ர. அத்திவாரம் எங்கட. நிலத்தில எங்கட கையால என்ன அளவு போடுறமோ, அதின்ர பலன்தான் எங்களைச் சேரும்."

இதை மறுத்துப் பேச எந்தக் கோட்டுச் சட்டத்தரணியாலும் முடியாது.

"அப்ப பெரிசாப் போடுவம்," என்றாள் விமலேஸ்வரி. "பதினாறு கூடுமெல்லே?"

"பதினாறெண்டாக் கிணத்துக்குள்ளதான் போய் முடியும். பதினொண்டுக்கு எட்டு. ரெண்டும் நல்ல இலக்கம். அதைப் போடுவம்."

"பன்னிரண்டடிக் கொட்டில் பதினொரு அடியில எப்பிடியப்பா நிக்கும்?"

"குடை எவ்வளவு அகலம்? காம்பு எவ்வளவு ஒடுக்கம்? குடை நிக்கேல்லையே?"

விமலேஸ்வரி சிரித்துவிட்டாள். ஜவாஹிரும் சிரித்தான். அதுதான் பிழை. மயில்வாகனத்தைப் பார்த்துச் சிரித்தால் அவர் நியாயம் பேசுவதை விட்டுவிட்டு வேறு ஆயுதத்தை எடுப்பார். இப்போதும் எடுத்தார்.

"சிரியும், சிரியும். பன்னிரண்டு பிள்ளைக்குக் கூடாத இலக்கம். வவுனியாவில உம்மட மகள் ஆறு மாதப் பிள்ளைத்தாச்சியா இருக்கிறாள். ஏதும் நடந்தபிறகு என்னைக் கேட்டுக்கொண்டு வராதையும்."

விமலேஸ்வரியின் கையிலிருந்த நூல் தளர்ந்தது. சாத்திரத்தில் அவளுக்குப் பெரிய நம்பிக்கை என்று சொல்வதற்கில்லை. ஆனால் மகள் பிரியந்தினிக்கு முதல் பிள்ளை மூன்றாம் மாதத்திலேயே கலைந்துபோனது. இது இரண்டாவது. அந்த வயிற்றை இழுத்து இந்தக் கிறவலுக்குள் போட இந்த மனிதருக்கு எப்படி மனம் வந்தது? ஆத்திரம் வந்தது அவளுக்கு. பயமும் வந்தது. பயம்தான் வென்றது. பேசாமல் போய்க் கட்டைகளைப் பிடுங்கி, பதினொன்றுக்கு எட்டாக அடித்தாள்.

நாலு நாள் வேலை. விமலேஸ்வரி அலவாங்கால் வேர் கிளப்பினாள், கிறவல் அள்ளிப் போட்டாள், தண்ணீர் தெளித்து இடிகட்டையால் இடித்தாள், திரும்பவும் போட்டாள், திரும்பவும் இடித்தாள். மத்தியானத்துக்குப் பிறகு ஜவாஹிர் வந்து கை கொடுத்தான். மயில்வாகனம் வேப்பமர நிழலில் கதிரையைப் போட்டிருந்து மேற்பார்வை செய்தார். அவர் மண்வெட்டியை மனதோடு பிடித்துப் பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. ஒரு தாச்சி கிறவல்கூடத் தூக்கவில்லை என்றாலும் ஒரு மணித்தியாலத்துக்கு ஒருதரம் எழுந்துவந்து அளந்தார். பதினொன்று, பதினொன்றாகவே இருந்தது. அதில் அவருக்கு அப்படியொரு திருப்தி.

செவ்வாய்க்கிழமை கௌசலா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"வேலை எந்த மட்டில விமலாக்கா?"

"முடியுது பிள்ளை."

"கொஞ்சம் சின்னனாக் கிடக்குமாப்போல."

"உங்கட அண்ணை அளந்து போட்டது."

"அண்ணை அளந்தாப் பிழைக்காது," என்றாள் கௌசலா. சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோசத்தை விமலேஸ்வரி பார்க்காததுபோல இடித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை சல்லி பரவி, நீர்மட்டம் வைத்துப் பார்த்து, ஓரத்தில் சீமெந்துக் கல் அடுக்கி முடித்தார்கள். குறை சொல்ல முடியாத வேலை. கிழக்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. கிறவலிலும் சல்லியிலும் ஒவ்வொரு குவியல் வேலி ஓரத்தில் மிச்சமாகக் கிடந்தது.

"கணக்காத்தானே கொண்டந்தனான்," என்றான் ஜவாஹிர். "மிச்சமாக் கிடக்கிறது உங்கட சாத்திரம், அண்ணை."

வியாழக்கிழமை பத்து மணிக்கு லொறி வந்தது. பச்சை நிறத் தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. பூட்டுகிற ஆட்கள் இரண்டு பேர் குதித்து இறங்கினார்கள். நிசாந்தினி ஸ்கூட்டியில் பின்னால் வந்தாள். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த கௌசலாவும் வேலியோரம் நின்றாள். தற்செயலாக வந்தவளின் கையில் அளவுநாடா இருந்தது.

நிசாந்தினி அளந்தாள். திரும்பவும் அளந்தாள். கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்.

"அம்மா, இது காணாதே."

பூட்டுகிறவர்களில் மூத்தவர் காலால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார். "வேலை வலு திறம். ஆனா ரெண்டு பக்கம் ஒவ்வொரு அடி தொங்கும். மூலைக்கு ஆணி இறுக்க நிலமில்லை. முதல் காத்துக்கே கொட்டில் கிணத்துக்குள்ள போயிரும்."

மயில்வாகனம் முன்னால் வந்தார். புதுச் சாரம் கட்டி, திருநீறு பூசியிருந்தார். "தங்கச்சி, ஒரு குடையை எடுத்துக்கொள்ளுங்கோவன். குடை எவ்வளவு அகலம்..."

"ஐயா, எங்கட படிவத்தில குடை இல்லை," என்றாள் நிசாந்தினி. பிறகு விமலேஸ்வரியின் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தாள். "பதினொரு மணி வரைக்கும் நிக்கிறன் அம்மா. அதுக்குள்ள சரிப்பண்ணுங்கோ. இல்லையெண்டா நான் அந்த அக்காவிட்டை இறக்கத்தான் வேணும். லொறி பின்னேரம் துணுக்காய்க்கும் போகவேணும்."

கௌசலா வேலியை விட்டு ஒரு அடி முன்னுக்கு வந்தாள்.

விமலேஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் நீளப் பக்கத்து ஓரக் கற்களைப் பிரட்டித் தள்ளினாள். ஜவாஹிர் மறுபக்கம் தொடங்கினான். புல்லைச் செதுக்கி, மண்ணைக் கிண்டி, மிச்சக் குவியலிலிருந்து முதல் தாச்சி கிறவலைக் கொண்டுவந்து அவள் கொட்டப் போனபோது, கொட்டவேண்டிய இடத்தில் மயில்வாகனம் நின்றார்.

"வேண்டாம் விமலா."

"தள்ளுங்கோ."

"பன்னிரண்டு வேண்டாம். ஊரெல்லாம் நான் கூடாதெண்டு சொன்ன அளவை என்ர வளவுக்குள்ளயே போடுறதே? சரி, என்னை விடும். பிரியந்தினியை நினைச்சுப் பாரும்."

அவள் தாச்சியைக் கீழே வைத்தாள். மூச்சு வாங்கியது. நாலு நாளாக அடக்கி வைத்திருந்தது வெளியில் வந்தது.

"அவளைத்தான் நினைக்கிறன். கடைசிச் சண்டைக்குள்ள மாத்தளனில நீங்கள் வெட்டின பங்கர் எத்தினை அடி?"

மயில்வாகனத்தின் கை இடுப்பு நாடாவுக்குப் போனது. எந்த வீட்டு எந்தச் சுவரைக் கேட்டாலும் அங்குலத்தோடு சொல்லுகிற மனிதர்.

"சொல்லுங்கோ. எத்தினை அடி?"

"ஏழு," என்றார். சத்தம் வெளியில் வரவில்லை.

"ஏழு கூடுமோ?"

அவர் நிலத்தைப் பார்த்தார்.

"நாளும் பாக்கேல்லை, நேரமும் பாக்கேல்லை. ஒருத்தரையும் கேக்காமல் வெறுங்கையாலயும் மண்வெட்டியாலயும் வெட்டினனீங்கள். வெட்டி முடிச்சு, எங்களை உள்ளுக்க இறக்கிப்போட்டு, சாணால அளந்து பாத்தனீங்கள். ஏழு எண்டு வாய்க்குள்ள சொன்னனீங்கள். எனக்குக் கேட்டது. அண்டைக்கு ஏனப்பா வெளியில போவம் எண்டு சொல்லேல்லை?"

பூட்ட வந்தவர்களில் மூத்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"பிரியந்தினி என்ர மடியில இருந்தவள். எட்டு வயசு. ஒன்பது நாள் இருந்தனாங்கள் அதுக்குள்ள. மூண்டு பேர் இறங்கினம், மூண்டு பேரும் ஏறி வந்தம். இண்டைக்கு அவளுக்கு ஒரு வயிறு இருக்கிறதே அந்த ஏழடியாலதான். நீங்கள் உங்கட சீவியத்தில சரியாச் செய்த ஒரு வேலை அது. அதை விட்டிட்டு உந்த நாடாவைக் கட்டிக்கொண்டு திரியிறியள்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. அழுவதற்கு நேரமில்லை. தாச்சியைத் திரும்பத் தூக்கினாள்.

மயில்வாகனம் விலகினார். எங்கே போகிறார் என்று ஒருவரும் பார்க்கவில்லை. கிறவல் கொட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். அப்போது அவளுக்குப் பின்னால் இடிகட்டை விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். புதுச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இடித்துக்கொண்டிருந்தார். ஊர்ப்பட்ட பாரமான கட்டை. பதினைந்து வருடம் கதிரையில் இருந்த உடம்பு. நாலு இடிக்கு ஒருதரம் நின்று இளைத்தார். ஆனால் இடி விழுந்த இடம் இறுகியது. அந்தக் கைக்கு வேலை மறக்கவில்லை.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சல்லி பரவி முடிந்தது. நிசாந்தினி நாடாவை எடுத்தாள். ஒரு நுனியை மயில்வாகனமே பிடித்தார்.

"பன்னிரண்டு," என்றாள் அவள். "ஒன்பது."

கௌசலா தன் நாடாவைச் சுருட்டினாள். "எங்கட சீமெந்து நிலம் அப்பளம் காய வைக்கவாவது உதவும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். பாவம், அவள் நம்பின மனிதர் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார்.

இரண்டு மணிக்குக் கொட்டில் எழும்பிவிட்டது. பதினான்கு மூடையும் உள்ளே போயின. வெள்ளிக்கிழமை பின்னேரம் மழை தொடங்கி, சனிக்கிழமை முழுவதும் ஊற்றியது. வளவெல்லாம் தண்ணீர் நின்றது. விமலேஸ்வரி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கொட்டிலுக்குப் போய், அடிமூடை ஒன்றுக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்து உடைத்துத் தின்று பார்த்தாள். காய்ந்த கச்சான். கசக்கவில்லை.

நனைந்த தலையைத் துடைக்கத் துவாய் எடுக்க அலுமாரியைத் திறந்தாள். கதவின் உட்பக்கத்தில் அந்தத் தாள். அதில் 'ஏழு: கூடாது' என்ற வரி மேல் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது. மெல்லிய கோடு. ஏழுக்கு மட்டும்தான். ஒன்பதும் பன்னிரண்டும் அப்படியே கிடந்தன.

அவர் விறாந்தையில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விமலேஸ்வரி போய் அவருடைய காதிலிருந்த பென்சிலை உருவினாள். அவள் திரும்பி வந்து, மற்ற இரண்டையும் தானே அழுத்தி வெட்டினாள்.